அணுக்கழிவுக்குக் கணக்கப்பிள்ளை யார்?

(ஹல்துமுல்லையில் உயர்தர மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"அணுக்கழிவு முகாமைத்துவம்: கல்வியும் தொழிலும்" என்று தலைப்பை வாசித்தபோது பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்ததில் தப்பில்லை. இந்த நாட்டில் அணுமின் உலை ஒன்றுகூடக் கிடையாது. லயத்துக் குப்பையை அள்ளவே ஆள் வராத இடத்தில் அணுக்குப்பையைப் பற்றி ஒருவர் பேச வந்திருக்கிறாரே என்று நினைத்திருப்பீர்கள். அதற்கு விடை சொல்லிவிட்டுப் படிப்புக்கு வருகிறேன்.

உலை இல்லை, ஆனால் கழிவு இருக்கிறது. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்த குடும்பங்கள் இந்த அவையிலும் இருக்கும். அங்கே பல்லாண்டு காலம் நோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தது கோபால்ட்-60. தைரொயிட் புற்றுநோய்க்குக் குடிக்கக் கொடுப்பது அயடீன்-131. பியகமவில் அணுசக்தி சபை நடத்துகிற காமா நிலையத்தில் மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்குவதும் கோபால்ட்தான். புது வீதி போடும்போது மண்ணும் தாரும் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்று அளக்கும் கருவிகள் சிலவற்றுக்குள் சீசியம்-137உம் அமெரிசியம்-241உம் இருக்கின்றன. இவை எல்லாம் ஒருநாள் பழசாகும். பழசானதும் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு பதில் தேடுகிறவர்களின் தொழிலைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு அரைவாழ்வுக் காலம் தெரியும். அயடீன்-131 எட்டு நாளில் பாதியாகும். பத்துத் தடவை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்கு எண்பது நாள் போதும். ஆகவே சிகிச்சை பெற்றவரின் சிறுநீரைத் தனித் தொட்டியில் தேக்கிக் காத்திருந்தால் காரியம் முடிந்தது. கோபால்ட்-60 அப்படியல்ல. அதன் அரைவாழ்வு 5.27 ஆண்டு. பத்துத் தடவை பாதியாக 53 ஆண்டு வேண்டும். பெரிய சிகிச்சை இயந்திரத்தில் இருந்த கோபால்ட் என்றால் அதற்குப் பிறகும் அதைச் சும்மா விட முடியாது. சிகிச்சைக்குப் போதாத அளவுக்குத் தேய்ந்த பிறகும் கையில் எடுத்தவனைக் கொல்லும் வலு அதற்கு இருக்கும். சீசியத்துக்கு 30 ஆண்டு, அமெரிசியத்துக்கு 432, ரேடியத்துக்கு 1600. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வைத்தியம். சிலதைக் காத்திருந்து வீசலாம், சிலதைச் சீமெந்தில் இறுக்கிப் பீப்பாயில் வைத்துக் காவல் காக்க வேண்டும், சிலதைப் பூமிக்குள் ஆழப் புதைத்தாலன்றி வேறு வழியில்லை.

காவல் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1987 செப்டெம்பரில் பிரேசில் நாட்டின் கொயானியா நகரத்தில், கைவிடப்பட்ட ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குள் நுழைந்த இருவர் பழைய கதிர்வீச்சு இயந்திரத்தின் ஒரு பாகத்தைப் பழைய இரும்புக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே சீசியம்-137 தூள். இரவில் அது நீலமாக மின்னியது. அழகாயிருக்கிறதே என்று வீட்டுக்கு வீடு பகிர்ந்தார்கள். ஒரு சின்னப் பெண் உடம்பில் பூசிக்கொண்டாள். நான்கு பேர் இறந்தார்கள், அவர்களில் அந்தக் குழந்தையும் ஒருத்தி. ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரை வரிசையில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். 249 பேரிடம் கதிரியக்கத் தூள் ஒட்டியிருந்தது.

அது பிரேசில் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2010இல் டில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததைப் பாருங்கள். டில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை பல ஆண்டு பாவிக்காமல் கிடந்த காமா இயந்திரம் ஒன்றை மற்றச் சாமான்களோடு ஏலத்தில் விற்றுவிட்டது. உள்ளே கோபால்ட்-60. கடைக்காரர்கள் அதை வெட்டினார்கள். ஒருவர் இறந்தார், பலர் வைத்தியசாலையில் கிடந்தார்கள். விற்றது படிக்காதவர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். இயந்திரத்தை வாங்கியபோது இருந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் நடந்த தவறு. நம்முடைய தோட்டத்துப் பாதைகளிலும் பழைய இரும்புக்காரர் வருகிறார். லீவு நாளில் பொடியன்கள் இரும்பு பொறுக்கிக் காசாக்குகிறார்கள்.

தோட்டத்தில் செக்ரோல் என்று ஒன்று இருப்பதை உங்கள் வீட்டில் எல்லோரும் அறிவார்கள். யார் பெரட்டுக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று அதில் இருக்கும். அதில் பெயர் விடுபட்டால் சம்பளம் விடுபடும். கதிரியக்கப் பொருளுக்கும் அப்படி ஒரு செக்ரோல் வேண்டும்: நாட்டுக்குள் எப்போது வந்தது, இன்று எந்த அறையில் இருக்கிறது, பொறுப்பாளர் யார், எப்போது திருப்பி அனுப்பப்படும். இந்தத் தொழிலில் சேருகிறவர் முதலில் கற்றுக்கொள்வது இந்தக் கணக்குத்தான். சமன்பாடெல்லாம் பிறகு.

நம் நாட்டில் இந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது? 1969இன் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அணுசக்தி அதிகார சபை உருவானது. ஊக்குவிப்பதும் கட்டுப்படுத்துவதும் ஒரே கையில் இருந்தன. 2014இன் 40ஆம் இலக்கச் சட்டம் அதை இரண்டாகப் பிரித்தது. 2015 தொடக்கம் அணுசக்தி சபை ஒரு பக்கம், ஒழுங்குபடுத்தும் பேரவை இன்னொரு பக்கம். கதிரியக்கப் பொருளை வைத்திருக்கவோ கொண்டுவரவோ பேரவையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏட்டிலிருக்கும் சட்டம்தானே என்று நினைப்பவர்களுக்கு 2021 ஏப்ரலை நினைவூட்டுகிறேன். நெதர்லாந்திலிருந்து சீனாவுக்குப் போன ஒரு கப்பல் ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்தது. அதில் யுரேனியம் ஹெக்ஸாபுளோரைட் இருந்தது. அறிவிக்கவில்லை, அனுமதி எடுக்கவில்லை. கப்பலை வெளியே போகச் சொன்னார்கள், போனது. இந்த மலையில் ஏறி நின்றால் தெற்கே தெரிகிற சமவெளியின் கடைசிக் கரையில் நடந்த காரியம் அது. சரக்குப் பட்டியலை வாசித்து அதிலிருக்கும் இரசாயனப் பெயரைப் புரிந்துகொண்டு 'இது நிற்கட்டும்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அணு என்றாலே வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று எண்ணுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அதற்கு இந்த வீதியே பதில் சொல்லும். ஏ4 வீதியில் கொழும்புப் பக்கம் இறங்கினால் பெலிஹுல்ஓயா, அதற்கப்பால் பலாங்கொடை. 1904இல் அந்தப் பலாங்கொடைப் பகுதி ஆற்று மணலில் கிடந்த கறுத்த, கனத்த கல் ஒன்று உலகத்துக்குப் புதிய கனிமமாக அறிமுகமானது. பெயர் தோரியனைட். அதை வெளிக்கொண்டு வந்தவர், அப்போது இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறையின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி. ஆமாம், கலை பற்றி எழுதியதற்காக நாம் கொண்டாடுகிற அதே ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். அவர் முதலில் கற்பாறைகளைப் படித்த விஞ்ஞானி என்பதை நம் மேடைகள் ஏனோ சொல்வதில்லை.

அந்தக் கல் லண்டனுக்குப் போனது. அங்கே வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஒட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞர் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து ரேடியத்தைப் பிரிக்கப்போய், 1905இல் ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார். அதுவரை சாதாரண இரசாயனவியலாளராகத் தொழிற்சாலை வேலைக்குப் போக எண்ணியிருந்தவர் அதன்பின் கதிரியக்கத்தை விட்டு விலகவேயில்லை. 1938இல் பெர்லினில் ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து யுரேனியம் அணு பிளவுபடுவதைக் கண்டதும் அவரே. அது பிளவுதான் என்று விளக்கியவர் லிஸ் மைட்னர். அணுக்குண்டு, அணுமின்சாரம், நாம் பேசுகிற கழிவு மூன்றும் அந்தக் கண்டுபிடிப்பின் பிள்ளைகள். பலாங்கொடைக் கல் இல்லாவிட்டாலும் இதெல்லாம் நடந்திருக்கலாம். ஆனால் நடந்த கதையில் அந்தக் கல்லுக்கு ஒரு பங்கு உண்டு. இன்னொன்று: அந்தக் காலத்தில் தோரியத்தை வாங்கிக் குவித்தவர்கள் விளக்குக்காரர்கள். தோட்டத்துத் திருவிழாவில் எரிந்த பெற்றோமக்ஸின் மென்டிலைக் கட்டிய பாட்டன்மார் கையிலும் தோரியம் ஒட்டியிருக்கும்.

சரி, படிப்புக்கு வருவோம். இந்தத் துறைக்கு அணு இயற்பியல் மேதைகள்தான் வேண்டும் என்பது பெரிய பிழை. வேதியியல் வேண்டும். 2014 பெப்ரவரியில் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், உப்புப் பாறைக்குள் 655 மீற்றர் ஆழத்தில் இருக்கும் கழிவுக் கிடங்கில் ஒரு பீப்பாய் வெடித்தது. காரணத்தைத் தேடிப் போனவர்கள் பூனைக்குப் போடும் மணலில் போய் நின்றார்கள். ஈரத்தை உறிஞ்சக் களிமண் வகை மணல் போட வேண்டிய இடத்தில் கோதுமையிலிருந்து செய்த வகையைப் போட்டுவிட்டார்கள். கழிவிலிருந்த நைத்திரேற்று உப்பும் கோதுமையும் சேர்ந்தால் சூடேறும் என்பது உயர்தர இரசாயனவியல் பிள்ளைக்கே விளங்கும். கிடங்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு மூடிக் கிடந்தது.

அடுத்தது மண்ணியல், நீரியல். இதில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்திப் பேச விரும்புகிறேன். ஆழப் புதைத்த கழிவை மனிதர் வாழும் இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரக்கூடியது பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீர். பாறையின் எந்த வெடிப்பு வழியே தண்ணீர் எவ்வளவு வேகத்தில் போகும், களிமண் அதை எவ்வளவு தடுக்கும், பத்தாயிரம் ஆண்டில் அந்த வெடிப்பு என்னவாகும் என்பவையே கேள்விகள். பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ என்ற இடத்தில் ஏறத்தாழ 190 கோடி ஆண்டு பழைய பாறைக்குள், 430 மீற்றர் ஆழத்தில் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். உலையில் எரிந்த எரிபொருளைச் செப்புப் பேழையில் வைத்து, சுற்றிலும் பெண்டனைட் களிமண் அடைத்து நிரந்தரமாக மூடும் திட்டம். இந்தியாவில் இந்தச் சோதனையின் ஆரம்பம் கோலார் தங்கவயல். 1980களில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் அங்கே கைவிட்ட சுரங்கத்தில், ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஆழத்தில், வெப்பத்துக்குப் பாறை எப்படி அசைகிறது என்று பார்த்தார்கள். கழிவு கொண்டுபோகவில்லை, சூடேற்றிதான். அந்தச் சுரங்கத்தை வெட்டியவர்களில் பெருந்தொகை தமிழ்நாட்டுக் கூலிகள். நம் பாட்டன்மார் கண்டிச்சீமைக்குக் கப்பல் ஏறியபோது, அதே தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு கூட்டம் கோலாருக்கு ரயில் ஏறியது.

மலையும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஹல்துமுல்லைக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தை லயங்கள் மேல் மலை இறங்கியது இந்தப் பிரதேச செயலகப் பிரிவில்தான். அங்கே ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த செய்தி பிறகு வெளிவந்தது. அறிவு இருந்தது. அது ஒரு கோப்பில் இருந்தது. கோப்பிலிருந்து லயத்துக்கு வரவில்லை, வந்த அளவும் குடியிருக்க வேறு இடமாக மாறவில்லை. அணுக்கழிவுத் துறையில் உலகம் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொள்கிற சிக்கலும் இதுவேதான். இன்றைக்கு எழுதுகிற எச்சரிக்கை ஐந்து தலைமுறைக்குப் பிறகு வருபவனை எப்படிச் சென்றடையும்? டில்லியில் அது ஒரு தலைமுறைகூடத் தாண்டவில்லை. மீரியபெத்தையில் ஒன்பது ஆண்டு தாண்டவில்லை. அதனால் சொல்கிறேன், மண்சரிவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் துறையின் மையக் கேள்வி ஏற்கெனவே தெரியும். பாடம்தான் தெரியாது.

பாடம் எங்கே கிடைக்கும்? இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் அல்லது உயிரியல் இல்லாமல் இந்தக் கதவு திறக்காது. விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி பாடசாலைகளில். தோட்டப் பிள்ளைக்கு அது ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை என்று பஸ் ஏறிப் போகிற தூரம். போய்ச் சேர்ந்தாலும் தமிழ் மொழியில் பௌதிகவியல் சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. கெட்டிக்காரப் பிள்ளைகள் கலைப்பிரிவுக்குப் போவது பல வேளைகளில் அவர்களின் விருப்பம் அல்ல, நேரசூசியின் தீர்ப்பு. கலை படிப்பதைக் குறைவாகச் சொல்லவில்லை. தெரிவு செய்ய வழியில்லாமல் படிப்பதைத்தான் சொல்கிறேன். விஞ்ஞானப் பட்டதாரி ஒருவரைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கொண்டுவந்து தங்கவைப்பது, நான் இன்று சொல்லப்போகிற எல்லாப் புலமைப்பரிசில்களையும்விடப் பெறுமதியானது. தங்க அறை கொடுப்பது, பஸ் காசு கொடுப்பது போன்றவற்றைப் பெற்றோர் சங்கமும் பழைய மாணவரும் செய்யலாம்.

உங்கள் பக்கம் ஒரு சாதகம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பதுளை பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. மாவட்டக் கோட்டாவோடு அந்த மாவட்டங்களுக்கென்று ஒதுக்கிய ஐந்து வீதமும் சேரும். கொழும்புப் பிள்ளைக்குப் போதாத இஸட் புள்ளி உங்களுக்குப் போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு? கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானத் துறை இருக்கிறது. முன்பு கதிரியக்க ஓரிடமூலக நிலையமாக இருந்தது அதுதான். பேராதனையில் மண்ணியல் துறையும், பட்டப்பின் நிறுவனத்தில் மருத்துவப் பௌதிகமும் உண்டு. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் கனிய வளப் பட்டப்படிப்பை நடத்துகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பௌதிகவியல், இரசாயனவியல் படித்தாலும் வழி அடைபடாது. ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கெல்லாம் பாடம் ஆங்கிலத்தில். முதல் ஆண்டில் விழுகிற மலையகப் பிள்ளைகள் பலர் பௌதிகவியலில் விழுவதில்லை, ஆங்கிலத்தில் விழுகிறார்கள். சாதாரணதரம் முடிந்து பெறுபேறு வரும்வரை இருக்கிற மாதங்களை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டத்துக்குப் பின்னான பயிற்சி பெரும்பாலும் வெளியே. சர்வதேச அணுசக்தி முகவரகத்தில் இலங்கை 1957 முதல் அங்கத்துவ நாடு. அதன் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பட்டப்பின் பாடநெறி நம் பிராந்தியத்துக்கு மலேசியாவில் நடக்கிறது. பெண் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2020இல் அதே முகவரகம் மேரி க்யூரி பெயரில், அணுத்துறையில் முதுகலை படிக்கும் பெண்களுக்கு மட்டும் ஒரு புலமைப்பரிசில் தொடங்கியது. கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் இரண்டாண்டு வரை உதவி. விண்ணப்பிக்கப் பட்டம் வேண்டும், பணக்கார அப்பா வேண்டாம்.

இந்தியா இன்னொரு வாசல். 2015 பெப்ரவரி 16ஆம் திகதி புதுடில்லியில் இலங்கையும் இந்தியாவும் சிவில் அணுசக்தி உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றிய பயமும் அரசியலுமே அப்போது இங்கே பேசப்பட்டன. ஆட்களைப் பயிற்றுவிப்பதும் கதிரியக்கக் கழிவு முகாமைத்துவமும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியது எவ்வளவு நடக்கிறது என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுசக்தி நிலையத்தில் இந்தியா ஆட்களை எப்படி எடுக்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. பொறியியல் பட்டதாரிக்கு 1957இல் தொடங்கிய பாபா மையப் பயிற்சிப் பள்ளியின் ஓராண்டுப் பாடநெறி. டிப்ளோமாக்காரருக்கும் ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் உதவித்தொகையோடு தனிப் பயிற்சி. அதாவது பிட்டரும் வெல்டரும் இந்தத் தொழிலின் பாதி. கடும் கதிரியக்கமுள்ள திரவக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி உருக்குக் குடுவையில் ஊற்றுகிற வேலையைத் தடித்த சுவருக்கு இப்பால் நின்று இயந்திரக் கையால் செய்பவர்கள் அவர்கள். அந்த ஆட்சேர்ப்பு இந்தியப் பிரஜைகளுக்கு. ஆனால் நம் தொழில்நுட்பக் கல்லூரிகளும் அப்படி யோசிக்கலாம்.

இனி வேலை. மறைக்காமல் சொல்கிறேன்: இலங்கையில் கதிரியக்கக் கழிவு என்று பெயர்ப்பலகை போட்ட பதவிகள் மிகக் குறைவு. 'அணு வேலை, கனடாவில்' என்று சான்றிதழ் விற்க வருகிறவரிடம் காணியை ஈடுவைத்துக் காசு கட்டாதீர்கள். அகலமாகப் படியுங்கள். மருத்துவப் பௌதிகவியலாளராக, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக, பேரவையின் பரிசோதகராக, மண்ணியலாளராக ஒரு கால் ஊன்றிக்கொண்டு கழிவுப் பக்கம் சாயலாம். மண்ணியல் படித்துவிட்டுக் கழிவு வேலை கிடைக்காவிட்டால் நம் மலைகள் உங்களைச் சும்மா இருக்கவிடாது.

முன்வரிசையில் ஒரு தாய், பேச்சுத் தொடங்கும் முன்பே என்னிடம் கேட்டார்: "இந்த வேலைக்குப் போனா பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதாங்க ஐயா?" கேட்க வேண்டிய கேள்வி. சர்வதேச வரம்பின்படி தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவேர்ட். பொதுமக்களுக்கு 1. இந்த வரம்புகளில் சேராமல், இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக 2.4 எல்லோருக்கும் கிடைக்கிறது. வேலை செய்பவர் நெஞ்சில் கதிர்வீச்சை அளக்கும் ஒரு பட்டி குத்தியிருப்பார். அதை அணுசக்தி சபை வாங்கி வாசித்துக் கணக்கு வைக்கிறது. கர்ப்பமாயிருக்கும் பெண் அறிவித்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் பொதுமக்கள் வரம்பைப் போலப் பார்த்து வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும். இவை ஒழுங்காக நடக்கும் இடத்தில் ஆபத்து சிறியது. நடக்காத இடத்தில், பட்டியை லாச்சியில் பூட்டிவைத்துவிட்டு வேலை வாங்குகிற இடத்தில், போக வேண்டாம் என்று அந்தத் தாய்க்குச் சொன்னேன். கொழுந்து மலையில் மருந்தடிக்கிறவருக்கு முகமூடி கொடுத்தார்களா என்று கேட்கவும் அதே தாய்க்கு உரிமை இருக்கிறது என்றும் சொன்னேன்.

பதவிகளுக்கான அறிவித்தல்கள் அரசாங்க வர்த்தமானியிலும் சபையின், பேரவையின் சொந்த விளம்பரங்களிலும் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும், தமிழிலும் வரும். பாடசாலை நூலகத்தில் ஒருவர் அதைப் பார்த்து, தகைமை என்ன கேட்கிறார்கள் என்று பலகையில் எழுதிப்போட்டால் பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் எந்தப் பாடத்தைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டிய பூனாகலைப் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.